இந்த வார்டில் யாரும் அழுவதில்லை

"அம்மா, நீ ஏன் தண்ணிக் கொழாவ தொறந்து உட்டுட்டு உள்ள அழுவுற?"

ஜெர்லின் ஒரு நாள் மத்தியானம் இப்படிக் கேட்டாள். யு.கே.ஜி. படிக்கிற பிள்ளை. கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நசரத்பேட்டையில் அவர்கள் குடியிருந்த வீட்டின் குளியலறைக் கதவுக்கு அடியில் நல்ல இடைவெளி உண்டு. பிள்ளைகளின் உயரத்துக்கு எல்லாச் சத்தமும் அந்த வழியாகத்தான் வரும். ஆனால் கேட்ட நேரம் சரியில்லை. வாசலில் செருப்பைக் கழற்றியபடி ஷர்மிளா நின்றிருந்தாள்.

ஷர்மிளா, அன்னையர் அகமகிழ்ச்சி வாரியத்தின் மகிழ்ச்சித் தூதர். கர்ப்பிணிகளும் பிள்ளை பெற்றவர்களும் சந்தோஷமாக இருக்கிறார்களா என்று வீடு வீடாகப் பார்ப்பது அவள் வேலை. கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையில் ஒரு சூரியன் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.

"இன்னாக்கா, அழுதீங்களா?" என்றாள்.

ஹெலினா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இல்ல மேடம். வெங்காயம் அரிஞ்சிகினு இருந்தேன்."

"பாத்ரூம்லயா?"

"ஆமா."

ஷர்மிளா அவளைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். பிறகு கைபேசியை எடுத்துத் தடவினாள். கண் கலங்கியிருப்பதற்கான காரணங்களில் வெங்காயம், தூசி, பக்தி என்று மூன்று இருந்தன. நான்காவது இல்லை. அவள் வெங்காயத்தைத் தொட்டாள்.

"எங்க உக்காந்து அரிஞ்சீங்கன்னு இதுல கேக்கல. அதனால பொழைச்சோம்" என்றாள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, நம்ம வார்டுல எல்லாத் தெருவும் முடிஞ்சிடுச்சி. ஒங்க தெரு ஒண்ணுதான் பாக்கி. இந்த நேரத்துல நீங்க கண்ணு கலங்கினா எனக்குத்தான் பதில் சொல்ல முடியாது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போனதும் பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்தாள் ஹெலினா. திரை அசைந்தது போலிருந்தது.

வாரியம் கெட்ட எண்ணத்தில் தொடங்கப்பட்டதில்லை. பிள்ளை பெற்ற பெண்களில் நிறையப் பேருக்கு மனசு தளர்ந்துபோகிறது, அது காய்ச்சல் மாதிரி ஒரு நோய், கவனித்தால் சரியாகும் என்று எங்கோ ஒரு கூட்டத்தில் ஒரு மருத்துவர் நல்லபடியாகத்தான் பேசினார். கேட்டவர்களுக்கு மனம் இளகியது. மனம் இளகியவர்கள் ஒரு வாரியம் அமைத்தார்கள். வாரியம் அமைந்ததும் அதற்கு ஒரு கட்டடம், கட்டடத்துக்கு ஒரு திறப்பு விழா, விழாவுக்கு ஒரு இலக்கு. இலக்கு என்னவென்றால், தளர்ந்துபோன பெண்களின் எண்ணிக்கையை ஓராண்டுக்குள் இல்லாமல் ஆக்குவது. பெண்களை என்ன செய்வது என்பது பற்றி அந்தத் தீர்மானத்தில் எதுவும் இல்லை. எண்ணிக்கையை இல்லாமல் ஆக்குவது அதைவிடச் சுலபம் என்பதை வாரியம் சீக்கிரமே கண்டுகொண்டது.

எந்த வார்டில் அழுகிற தாய் ஒருத்திகூட இல்லையோ, அது 'சோகமற்ற வார்டு' என்று அறிவிக்கப்படும். எல்லையில் வளைவு வைப்பார்கள்.

ஹெலினாவின் சங்கதி என்னவென்றால், அவளுக்கு இரண்டாவது பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆண் குழந்தை. சுகப் பிரசவம். யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. ஆனாலும் குழந்தை அழுதால் அவள் நெஞ்சுக்குள் எதுவும் அசையவில்லை. யார் வீட்டுப் பிள்ளையோ அழுகிறது என்பது போல நிற்பாள். குழந்தை தூங்கினாலும் அவளுக்குத் தூக்கம் வராது. பைபிளைத் திறந்தால் எழுத்தெல்லாம் எறும்பு போல ஓடும். முழங்கால் போட்டு, "ஆண்டவரே" என்று தொடங்குவாள். அதற்கு மேல் வராது. இந்த வீட்டில் நான் இல்லாமல் போனால் இவர்கள் நன்றாக இருப்பார்களோ என்று ஒரு எண்ணம் அடிக்கடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தது. அந்த எண்ணத்துக்குப் பயந்துதான் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு வேண்டியவை இரண்டே இரண்டு. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும். சொன்ன பிறகும் குழந்தை அவளிடமே இருக்க வேண்டும்.

இரண்டாவதுதான் சந்தேகமாக இருந்தது. அழுகிற தாய் என்று பெயர் ஏறிவிட்டால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் விடுதியில் விட்டுவிடுவார்கள் என்று தெருவில் ஒரு பேச்சு இருந்தது. எந்த விடுதி, யார் போய்ப் பார்த்தது என்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாததால் எல்லோரும் நம்பினார்கள்.

கணவன் லிபின் நல்லவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கம்பெனி பஸ்ஸில் போய் வருவதற்குள் பாதி உயிர் போய்விடும். ஷர்மிளா வந்துபோன கதையைக் கேட்டதும் அவனுக்கு வேறு கவலை வந்தது.

"அவ சும்மா வந்தான்னு நெனைக்கிறியா? எவனோ போட்டுக் குடுத்துகீறான்."

"யாரு?"

"வேற யாரு, வடிவக்காதான். அவங்க ஜன்னலும் நம்ம ஜன்னலும் மூஞ்சப் பாத்துகினு கீது. பைக்க கேட்டாண்ட உட்டதுக்கு அன்னிக்கு இன்னா பேச்சு பேசிச்சு! அத்த மனசுல வெச்சிகினுதான் பண்ணுது."

ஹெலினாவுக்கும் அது சரியென்றே பட்டது. வடிவின் மேல் அவளுக்கு ஏற்கெனவே ஒரு வருத்தம். வடிவு செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் காலை ஷிஃப்ட் முடித்து மத்தியானம் வீடு திரும்புவாள். வந்ததும் மிக்ஸியைப் போடுவாள். ஹெலினா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் போதும், அந்த மிக்ஸி கர்ரென்று கத்த ஆரம்பிக்கும். தூங்கும் குழந்தை தூக்கிவாரிப்போட்டு எழும். வேண்டுமென்றே செய்கிறாள் என்பதில் ஹெலினாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்றுதான் புரியவில்லை. அரைக்கிற சத்தம் வருகிறதே தவிர, அரைத்த வாசனை ஒருநாளும் வந்ததில்லை.

அடுத்த வாரம் வாரியம் புன்னகைச் செயலியைக் கொண்டுவந்தது. தாய்மார்கள் தினமும் குழந்தையோடு படம் எடுத்து அனுப்ப வேண்டும். செயலி முகத்தைப் பார்த்து நூற்றுக்கு இத்தனை என்று மகிழ்ச்சியை அளந்து சொல்லும். உதடு மூடியிருந்தால் பாதி மதிப்பெண். பல் தெரிந்தால் முழுசு. மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று ஒரு பெண் கேட்டதற்கு, "இரண்டுமாக இருந்தால் வாரியம் மகிழும்" என்று பதில் வந்தது.

முதல் நாளே ஹெலினா வீட்டில் சிக்கல். தாய்க்கு மதிப்பெண் வந்துவிட்டது. குழந்தைக்குச் சிவப்பு விளக்கு எரிந்தது. ஹெலினா வார நாட்களில் பிள்ளையின் கன்னத்தில் கண்ணேறு படாமலிருக்க மையால் ஒரு பொட்டு வைப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது மட்டும் துடைத்துவிடுவாள். மற்ற ஆறு நாளும் ஆண்டவர் கண்டுகொள்ள மாட்டார் என்பது அவள் நம்பிக்கை. ஆண்டவர் கண்டுகொள்ளவில்லை. செயலி கண்டுகொண்டது. கன்னத்துப் பொட்டை அது கண்ணீர் என்று எடுத்துக்கொண்டு, 'குழந்தை ஆழ்ந்த துயரத்தில் உள்ளது' என்று மண்டல அலுவலகத்துக்குத் தகவல் கொடுத்துவிட்டது.

மறுநாளே கழுத்துப்பட்டை கட்டிய ஒருவர் வந்தார். கைக்குழந்தைகளுக்கான ஆற்றுப்படுத்துநர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து குழந்தையைப் பார்த்து, "எதிர்காலம் பற்றி ஏதாவது அச்சம் உண்டா?" என்று கேட்டார். குழந்தை அவர் கழுத்துப்பட்டையின் நுனியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது. "வீட்டில் யாராவது உன்னை மதிப்பதில்லை என்று தோன்றுகிறதா?" குழந்தை இன்னும் கொஞ்சம் பட்டையை உள்ளே இழுத்தது. அவர் கழுத்து முன்னால் போனது.

"கேள்விகளைத் தவிர்க்கிறான்" என்று அவர் குறித்துக்கொண்டார்.

"சார், அது மைப் பொட்டு சார்" என்றாள் ஹெலினா.

"எல்லா அம்மாக்களும் அப்படித்தான் சொல்வாங்க" என்றார் அவர் கனிவாக.

பொட்டைத் துடைத்துவிட்டு மறுபடி படம் எடுத்தார்கள். குழந்தை குணமாகிவிட்டது. ஒரே சந்திப்பில் மீண்ட குழந்தை என்று வாரியத்தின் மாத இதழில் படம் வந்தது.

இதற்குள் வெங்காயம் தலைமையகம் வரை போய்விட்டிருந்தது. வார்டில் பிள்ளை பெற்ற பெண்கள் எல்லோருமே கண் கலங்கியதற்கு வெங்காயத்தையே காரணமாகச் சொல்லியிருந்தார்கள். கணக்குப் பார்த்தால் அந்த வார்டு தின்கிற வெங்காயம் கோயம்பேட்டுக்கே வராது. வாரியம் யோசித்தது. பெண்கள் ஏன் பொய் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை பெற்றவர்கள் இனிமேல் முன்னறையில், கதவைத் திறந்துவைத்து, மூன்றாம் நபர் முன்னிலையில் மட்டுமே வெங்காயம் நறுக்கலாம் என்று சுற்றறிக்கை வந்தது. பூண்டுக்குத் தடையில்லை.

கூடவே செவிக்குழு என்று ஒன்றை அமைத்தார்கள். மத்தியான வேளையில் இரண்டு இரண்டு பேராகத் தெருவில் நடந்து, குளியலறை ஜன்னல்களுக்குக் கீழே நின்று காது கொடுப்பது அவர்கள் கடமை. ஹெலினா இருந்த தெருவிலிருந்து அவர்கள் கொடுத்த முதல் அறிக்கை: 'அழுகை எதுவும் கேட்கவில்லை. சட்னி அரைக்கும் ஓசை மிகுதி.' அதன் ஓரத்தில் மேலதிகாரி, 'சட்னி இல்லற மகிழ்ச்சியின் அடையாளம். பாராட்டுகள்' என்று எழுதி அனுப்பினார்.

ஹெலினா சிரிக்கக் கற்றுக்கொண்டாள். கடைவாய்ப் பல்லைக் கடித்துக்கொண்டு, கன்னத்தை இரண்டு பக்கமும் இழுத்து, கண்ணைக் கொஞ்சம் சுருக்கினால் செயலி மயங்கிவிடும். பயம் கூடக் கூட மதிப்பெண்ணும் கூடியது. குழந்தையை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று நினைத்து நடுங்கிய ஒரு நாளில் அவளுக்குத் தொண்ணூற்றேழு வந்தது. மண்டலத்திலேயே அதுதான் உச்சம்.

ஒரு நாள் தெருவில் வாரியத்தின் வண்டி வந்து நின்றது. மண்டல மகிழ்ச்சி அலுவலர் தமிழரசு இறங்கினார். பின்னால் ஷர்மிளா, அவளுக்குப் பின்னால் சால்வையோடு ஒரு ஆள்.

ஹெலினா வாசலிலிருந்து பின்வாங்கினாள். பிள்ளையை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கம்மா. வாழ்த்துச் சொல்ல வந்தோம்" என்றார் தமிழரசு. நல்ல குரல். மேடைக்கென்றே பழக்கிய குரல். "நீங்கதான் எங்க முன்மாதிரி அன்னை. அடுத்த வாரம் பூந்தமல்லி மண்டபத்துல விழா. இந்த வார்டை சோகமற்ற வார்டா அறிவிக்கப் போறோம். நீங்க மேடையில ரெண்டு வார்த்தை பேசணும்."

லிபினுக்குத் தலைகால் புரியவில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டான். தமிழரசு உட்கார்ந்து காப்பி குடித்தார். குடித்ததும் பேச்சு தானாக வந்தது.

"நான் பொறுப்பேத்துக்கும்போது இந்த வார்டுல எத்தனை சோகம் தெரியுமா? வீட்டுக்கு வீடு. 'உங்களுக்கு மனசு கஷ்டமா இருக்கா'ன்னு கேட்டுக்கிட்டிருந்தாங்க. கேட்டா இருக்குன்னுதான் சொல்வாங்க! நான் வந்து கேள்விய மாத்தினேன். 'உங்களுக்கு மனசு கஷ்டம் ஒண்ணும் இல்லையே?' அவ்வளவுதான். பாதிப் பேர் குணமாயிட்டாங்க. மீதிப் பேர கண்டுபிடிக்க ஆள் அனுப்பறத நிறுத்தினேன். அவங்களும் குணமாயிட்டாங்க. ஒரு மாத்திரை கிடையாது, ஒரு ஊசி கிடையாது. நிர்வாகத் திறமை!"

ஷர்மிளா கைதட்டினாள். சால்வைக்காரனும் தட்டினான்.

ஹெலினாவுக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. மனுஷர் இவ்வளவு பேசுகிறாரே, ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தால் என்ன என்று தோன்றியது.

"சார்... யாருக்காச்சும் நெஜமாவே மனசு சரியில்லன்னு வெச்சிக்கோங்க. எனக்கில்ல சார், எனக்குத் தெரிஞ்ச ஒருத்திக்கு. அவ எங்க போய்க் காட்டணும்?"

லிபின் அவளைத் திரும்பிப் பார்த்தான்.

"நல்ல கேள்வி" என்றார் தமிழரசு. "இதுக்குன்னே ஒரு மனநல ஆலோசகர் பதவி வெச்சிருந்தோம். ஆனா பாருங்க, வார்டுல சோகமே இல்லாதப்ப அந்தப் பதவிக்கு என்ன நியாயம்? போன மாசம்தான் திருப்பி ஒப்படைச்சோம். மிச்சமான அறையிலதான் விழாவுக்கான வளைவெல்லாம் வெச்சிருக்கோம்." அவர் எழுந்தார். வாசலுக்குப் போனவர் நின்று, மிகவும் அன்பாகச் சொன்னார்: "உங்களுக்குத் தெரிஞ்ச அந்தப் பொண்ணுகிட்ட சொல்லுங்கம்மா. விழா முடியற வரைக்கும் நல்லா இருக்கச் சொல்லுங்க."

விழாவுக்கு முதல் நாள். லிபின் வேலைக்குப் போயிருந்தான். ஜெர்லின் பள்ளிக்கூடத்தில். குழந்தை பாயில் கிடந்து வீறிட்டது. ஹெலினா அறை வாசலில் நின்றாள். உள்ளே போக வேண்டும், தூக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் எழவில்லை. பக்கத்தில் வந்து உட்காரும் அந்த எண்ணம் இன்றைக்கு உட்காரவில்லை, தோளில் கை போட்டு நின்றது. அவளையறியாமல் வாய்விட்டு அழுகை வந்தது. குழாயைத் திறக்கக்கூட நேரமில்லை.

அப்போது பக்கத்து வீட்டு மிக்ஸி அலறியது.

ஹெலினாவுக்கு எங்கேயோ புதைந்திருந்த கோபமெல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. எழாத கால் எழுந்தது. குழந்தையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கி, வடிவின் வீட்டுக் கதவைத் தள்ளினாள்.

"இன்னாக்கா ஒனக்கு வேணும்? நான் இன்னா பாவம் பண்ணேன் ஒனக்கு? பைக்க அங்கதான் நிறுத்துவோம், போ! போட்டுக் குடுத்தது பத்தாதுன்னு கொழந்தய வேற..."

வடிவு மிக்ஸி ஜாடியின் மூடியை அழுத்திப் பிடித்தபடி சமையல் மேடை முன்னால் நின்றிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்காமல், "கதவ சாத்திகினு உள்ள வா. செவிக்காரனுங்க தெரு மொனையில நிக்கிறானுங்க" என்றாள்.

ஹெலினா கண்ணாடி மூடி வழியாக ஜாடிக்குள் பார்த்தாள். வெறும் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது.

"இன்னா பாக்குற? சும்மா ஓட்டுனா மோட்டாரு பூடும். அதான் தண்ணி ஊத்திகீறேன்." வடிவு எட்டி ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்தாள். "போறானுங்க. எழுதிகினு போறானுங்க பாரு, சட்னின்னு. கட்டையில போறவனுங்க." மிக்ஸியை நிறுத்தினாள்.

வீடு சட்டென்று அமைதியானது. குழந்தைகூட அழுவதை விட்டுவிட்டு யார் இவள் என்று பார்த்தது.

"அக்கா," என்றாள் ஹெலினா. "தினமுமா?"

"நீ தினமும் அழுவுற. நான் தினமும் அரைக்கிறேன். பெரிய விஷயமா? கொண்டா அவன." பிள்ளையை வாங்கித் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள். "உக்காரு. மூஞ்ச கழுவு. இல்ல, அழுவணும்னா அழுது முடிச்சிட்டுக் கழுவு. இங்க எவனும் இல்ல."

ஹெலினா அழுது முடித்தாள். நேரம் பிடித்தது. வடிவு அவசரப்படுத்தவில்லை. குழந்தைக்கு ஒரு கரண்டியைக் காட்டி விளையாட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எனக்கும் இருந்திச்சி" என்றாள் கடைசியில். "எம் பையன் பொறந்தப்ப. ஊட்ல எல்லாம் திமிருன்னாங்க. பேய்னாங்க. நான் ஒரு நாளு பஸ்ஸு ஏறி ஆவடி போயிட்டேன். எதுக்குப் போனேன்னு கேட்டா தெர்ல. எறங்கவும் தெர்ல. கண்டக்டரு நல்ல மனுசன். 'இன்னாம்மா, பச்ச ஒடம்புக்காரி மாதிரி கீற'ன்னாரு. அங்க பெரியாஸ்பத்திரியில மனசுக்குன்னு தனியா டாக்டரு பாப்பாங்க, போய்க் காட்டும்மான்னு எடங் காட்டி உட்டுட்டுப் போனாரு. அவரு சம்சாரத்துக்கும் பாத்தாங்களாம். போனேன். சரியாப் போச்சி. அவ்ளோதான் கத."

"கொழந்தய புடுங்கிக்க மாட்டாங்களா?"

"எம் பையன் என்னாண்டதான் கீறான், பாரு. ஒன்னும் புடுங்கல. யாராச்சும் புடுங்கினா நல்லாருக்கும்னு சில நாளு தோணும்." வடிவு சிரித்தாள். "நாளைக்குக் காலம்பற நான் லீவு போடுறேன். ரெண்டு பேரும் போவோம்."

"நாளைக்கு விழாக்கா. வண்டி வரும்."

"வண்டி வந்தா?" என்றாள் வடிவு. "விழாவுக்கு ஒம் மூஞ்சிதான வேணும். அதான் ரெண்டாளு ஒசரத்துக்கு அட்டையில செஞ்சி வெச்சிகீறானுங்களே, நான் பாத்தேன். ஒடம்ப நீ எடுத்துகினு வா."

அன்றைக்குச் சாயந்திரம் லிபின் வந்ததும் ஹெலினா எல்லாவற்றையும் சொன்னாள். அவன் முதலில் வாசல் கதவைச் சாத்தினான். பிறகு ஜன்னலைச் சாத்தினான். பிறகு ஒன்றும் சாத்துவதற்கு இல்லாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். "நான் கேட்டிருக்கணும்ல" என்றான். "நீ போ. விழாவ நான் பாத்துக்கிறேன்."

மருத்துவமனையில் கூட்டம். நீள பெஞ்சில் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி ஹெலினாவைப் பார்த்ததும் முந்தானையை முகத்தில் இழுத்துவிட்டுக்கொண்டாள். பிறகு விலக்கிப் பார்த்தாள். ஷர்மிளா. அடையாள அட்டையைக் கழற்றிப் பைக்குள் வைத்திருந்தாள். வயிறு லேசாக மேடிட்டிருந்தது. ஹெலினா கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

மருத்துவர் ஒரு அம்மாள். களைத்த முகம். அவர் செயலி எதையும் எடுக்கவில்லை. "தூங்குறீங்களாம்மா?" என்று கேட்டார்.

இத்தனை நாளில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டிருக்கவில்லை. ஹெலினா எல்லாவற்றையும் சொன்னாள். நெஞ்சு அசையாததை, எறும்பு எழுத்தை, தோளில் கை போட்ட எண்ணத்தை. மருத்துவர் அந்த எண்ணம் பற்றி மட்டும் நிறையக் கேட்டார், நிதானமாக, முகம் சுளிக்காமல். கடைசியில் ஹெலினா கேட்டாள்: "கொழந்தய எடுத்துக்குவீங்களா மேடம்?"

"நான் எதுக்கும்மா எடுக்கணும்? எனக்கே வீட்ல ரெண்டு இருக்கு" என்றார் அவர். "இது வியாதி. உங்க குத்தம் இல்ல. பால் குடுக்கும்போது சாப்பிடக்கூடிய மாத்திரைதான் எழுதியிருக்கேன். ஆனா மாத்திரை மட்டும் பத்தாது. நீங்க தூங்கணும். அந்த எண்ணம் வந்தா தனியா இருக்காதீங்க, உடனே யார்கிட்டயாவது சொல்லுங்க, இங்க வந்துடுங்க. அடுத்த தடவ வீட்டுக்காரர கூட்டிட்டு வாங்க, அவர்கிட்ட நான் பேசணும்."

அதே நேரத்தில் பூந்தமல்லி மண்டபத்தில் விழா நடந்துகொண்டிருந்தது. முன்மாதிரி அன்னை வரவில்லை என்று தெரிந்ததும் தமிழரசு ஒரு நிமிடம் மட்டுமே கலங்கினார். பிறகு ஹெலினாவின் அட்டை உருவத்தை மேடைக்கு நடுவே கொண்டுவந்து நிறுத்தச் சொன்னார். அது தொண்ணூற்றேழு சதவீதம் சிரித்தது.

"நேரில் வரக்கூட நேரமில்லாத அளவுக்கு மகிழ்ச்சியில் திளைக்கிறார் நம் சகோதரி!" என்று அவர் முழங்கினார். "சொல்லப்போனால், வருகிற அன்னையைவிட இந்த அன்னைதான் நம் வாரியத்தின் கனவு. இவர் அழ மாட்டார். கேள்வி கேட்க மாட்டார். இவருக்கு வெங்காயம் வேண்டாம். ஒவ்வொரு வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்துவிட்டால் என் பணி முடிந்தது!"

அட்டைக்குச் சால்வை போர்த்தினார்கள். சால்வை நிற்கவில்லை. ஆணி அடித்தார்கள். ஏற்புரை என்று அறிவித்து, ஒலிவாங்கியை அதன் வாயருகே பிடித்தார்கள். மண்டபம் அமைதியாகக் கேட்டது. "நிறைவின் மௌனம்" என்று தமிழரசு விளக்கினார். கைதட்டல் நெடுநேரம் ஓயவில்லை. பரிசாகக் கொடுத்த சுவர்க் கடிகாரத்தை லிபின் வாங்கிக்கொண்டான். திரும்பி வரும் வழியில் அதை பஸ்ஸிலேயே விட்டுவிட்டு வந்தான். மறதி என்றுதான் சொன்னான்.

வார்டு எல்லையில் வளைவு எழும்பியது. ஹெலினா அதன் கீழாகத்தான் மாதந்தோறும் ஆவடிக்குப் போய் வந்தாள். ஒரே நாளில் எதுவும் சரியாகவில்லை. சில நாள் நன்றாக இருந்தது, சில நாள் பழையபடி இருந்தது. லிபின் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு விடியற்காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திரிந்தான். ஒரு நாள் குழந்தை இருமியபோது அவள் நெஞ்சு திக்கென்றது. அப்படித் திக்கென்றதற்காக அவள் முழங்காலிட்டு நன்றி சொன்னாள். ஜெபம் முழுசாக வந்தது.

வடிவுக்கு மட்டும் என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒருமுறை நன்றி சொல்லப் போனபோது, "போடி, போய் வேலயப் பாரு" என்று கதவைச் சாத்திவிட்டாள். கடவுள் சில பேரை இப்படித்தான் படைத்து அனுப்புகிறார். கொடுக்கத் தெரியும், வாங்கத் தெரியாது.

அந்தக் கோடையில் தெருவுக்குத் தண்ணீர் லாரிதான் கதி. லாரி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரும்போது ஆள் நின்று பிடித்தால் உண்டு, இல்லையென்றால் அடுத்த வாரம். வடிவைப் பகல் ஷிஃப்ட்டுக்கு மாற்றியிருந்தார்கள். பையன் விடுமுறைக்குச் சித்தி வீட்டுக்குப் போயிருந்தான். ஒரு உச்சி வெயிலில் லாரி வந்து, குழாயை நீட்டி, வாசலில் நின்றவர்களின் டிரம்களை நிறைத்துவிட்டுப் போய்விட்டது. வடிவின் நீல டிரம் கேட்டுக்கு உள்ளே காலியாகக் கிடந்தது.

தெரு அடங்கும்வரை ஹெலினா காத்திருந்தாள். எல்லோரும் கதவைச் சாத்திக்கொண்டு மின்விசிறிக்குக் கீழே போய்விட்டார்கள். ஜெர்லின் தூங்கினாள், தம்பியும் தூங்கினான். அவள் தன் டிரம்மிலிருந்து ஒரு குடம் மொண்டு, இடுப்பில் வைத்து, வெறுங்காலோடு போய் வடிவின் டிரம்மில் ஊற்றினாள். மறுபடி வந்து மொண்டாள். தன்னுடையது பாதியும் அது பாதியும் ஆனபோது நிறுத்தினாள். டிரம்மை மூடி, மூடியின் மேல் வழக்கம்போல் ஒரு கல்லையும் வைத்தாள். தரையில் சிந்திய ஈரம் அவள் வீட்டுக்குள் வருவதற்குள் காய்ந்துவிட்டது.

வெயில் தாழ்ந்து வடிவு வந்தாள். கேட் திறக்கும் சத்தம் கேட்டது. கல்லை எடுத்து வைக்கும் சத்தம்.

"எவடி அது எங்க டிரம்மத் தொட்டது?" என்று வடிவின் குரல் தெருவெல்லாம் கேட்டது. "ஆளில்லாத ஊட்ல பூந்து தண்ணி ஊத்திட்டுப் போயிகீறாளுங்க! இன்னாத்த கலந்தாளுங்களோ! நல்லது பண்றவ முன்னால வந்து பண்ண வேண்டியதுதான, திருட்டுத்தனமா இன்னாத்துக்குடி வர்றீங்க?"

ஹெலினா கண்விழித்த குழந்தையை மடியில் போட்டு, அவன் கழுத்து மடிப்பில் பவுடர் தடவிக்கொண்டிருந்தாள். திட்டு நின்று சற்று நேரம் கழித்து, டிரம்முக்குள் சொம்பு மூழ்கும் சத்தம் வந்தது. அவள் குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகுக்கும் பவுடர் தடவினாள்.